சாம்பல் மேட்டில் படுத்திருப்பவர்கள்

என் தங்கை ஆர்டீலியா வென்றெடுத்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இரவல் வாங்கிய காலணியின் முனையில் துணி அடைத்துக்கொண்டு ஓடி, மாவட்டப் பள்ளிகளின் கால் மைல் ஓட்டத்தில் இரண்டாம் பரிசு. எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் கிடைக்காத கல்லூரி உதவித்தொகை. கறுப்புப் பெண் சுருக்கெழுத்து எழுதினால் வழக்கறிஞர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்கிய நீதிமன்றத்தில், ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. நடுவயதில் மார்பில் வந்த கட்டியிடமிருந்து தன் உயிர். கடைசியாக, கறுப்பர் ஒருவர்கூட ஒருநாளும் குடியிருந்ததில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்த கார்வின் ஊரில், இரும்பு வேலி போட்ட அரை மேடு.

அரை மேடு என்று கவனித்துத்தான் எழுதுகிறேன். முழு மேடும் கிடைத்திருக்க வேண்டியது. கிடைக்காமல் போனதற்குக் கார்வின்காரர்கள் மட்டும் காரணமல்ல. டீலி – வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம் – பலரை எதிர்த்து நின்று ஜெயித்தவள். ஒரே ஒரு மனிதரிடம் தோற்றாள். அவர் எங்கள் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்டது தப்பு என்று சொல்லவும் முடியவில்லை.

நாங்கள் இருந்தது பைன் ஷோல்ஸ். கார்வினுக்கு எதிரே, ஆற்றுக்கு இந்தக் கரை. அப்பா ஓலின் கிரீன் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கோழித் தீவன லாரி ஓட்டினேன். அம்மா இறந்தபோது டீலிக்கு ஒன்பது வயது. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வருட இடைவெளி என்பதால், அவளுக்குத் தலை பின்னிவிடுவது முதல் கணக்குப் பாடத்தில் திட்டு வாங்குவது வரை என் பொறுப்பானது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, எங்கள் வழக்கப்படி, அவள் கடைசியாக வாய் வைத்த கோப்பையைக் கல்லறை மேல் வைத்தோம். சும்மா வைப்பதில்லை. ஆணியை அடியில் நடுவாக வைத்து ஒரே தட்டு. கோப்பை நொறுங்கக் கூடாது. ஆனால் இனி யாரும் அதில் குடிக்கவும் கூடாது. பாத்திரத்தை உடைத்தால் சங்கிலி அறுந்துவிடும், வீட்டில் இன்னொருவர் பின்னாலேயே போகமாட்டார் என்பது நம்பிக்கை. சுற்றிலும் வெள்ளைச் சிப்பிகள். சிலர் கடிகாரம் வைப்பார்கள், சிலர் விளக்கு, குழந்தையாக இருந்தால் பொம்மை. அம்மாவின் கோப்பையை டீலிதான் தட்டினாள். சின்னக் கையாக இருந்தாலும் துளை சரியாக நடுவில் விழுந்தது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

1974 அக்டோபரில் டீலியின் வகுப்பைக் கார்வினுக்குக் கூட்டிப்போனார்கள். பழைய ரயில் நிலையத்தை அங்கே அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அதற்குள் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனாலும் கார்வின் கார்வின்தான். பொழுது சாய்ந்த பிறகு கறுப்பர் யாரும் இங்கே இருக்கக் கூடாது என்று எழுதிய பலகை அதன் எல்லையில் நின்றது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பலகையை எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அது நின்ற இரண்டு கம்பங்களை மட்டும் எடுக்கவில்லை.

"எப்ப திரும்புவீங்க?" என்று அப்பா கேட்டார்.

"மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுவோம்பா."

"வாத்தியாருக்கு வாட்ச் ஓடுதான்னு பாத்துக்க."

அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டது மிஸ் யூஜீனியா என்ற வெள்ளைக்கார அம்மாள். நல்ல மாதிரி. வந்த பிள்ளைகளுக்கெல்லாம் எலுமிச்சை மிட்டாய் கொடுத்தாளாம், எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து. மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு பீங்கான் கோப்பை, அடி உடைந்த விளக்கு, முள் நின்றுபோன கடிகாரம், ஒரு பொம்மையின் தலை, கொஞ்சம் சிப்பி. 'சாம்பல் மேட்டுப் பழைய குப்பைக் கிடங்கில் கிடைத்தவை' என்று கீழே எழுதியிருந்தது.

டீலி குனிந்து பார்த்தாள். பெட்டிக்குள் கோப்பையைச் சாய்த்து வைத்திருந்ததால் அடிப்பக்கம் தெரிந்தது.

"மேடம், இந்தக் கோப்பையில ஓட்டை இருக்கு."

"குப்பையில கிடந்ததுதானே கண்ணு. உடையாமலா இருக்கும்?"

"உடையல மேடம். விளிம்பு அப்படியே இருக்கு. யாரோ ஆணி வச்சுத் தட்டியிருக்காங்க."

"நல்லா கேக்கற போ! எலி கடிச்சிருக்கும்."

"பீங்கானையா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மிஸ் யூஜீனியாவும் சிரித்தாள். பிறகு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஏறியதும் ரூடெல் என்ற பையன், "விடு டீலி, இந்த ஊரு எலிங்களுக்கு வெள்ளைக்காரப் பல்லு, எதையும் கடிக்கும்" என்றான். பஸ்ஸே குலுங்கியதாம். டீலி மட்டும் சிரிக்கவில்லை. கறுப்பர் ஒருநாளும் இல்லாத ஊரில் கறுப்பரின் கல்லறைச் சாமான் எப்படி வந்தது என்று அந்த நிமிடமே யோசிக்க ஆரம்பித்துவிட்டதாக அவள் பின்னால் சொன்னாள்.

அன்று மாலை சாப்பாட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும். டீலி வாயில் ரொட்டியோடு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீலக் கோடு போட்ட கோப்பைப்பா. ஒரு பக்கம் குட்டியா ஒரு பறவை. துளை மட்டும் நடுவுல விழல. கைப்பிடிப் பக்கமா ஒதுங்கி இருக்கு. யாரோ தெரியாதவங்க தட்டியிருக்காங்க."

அப்பா கரண்டியை வைத்தார். எழுந்து பின்பக்கம் போனார். விறகு வெட்டும் சத்தம் கேட்டது. அந்த வாரத்துக்கு வேண்டிய விறகை நான் ஏற்கெனவே வெட்டி அடுக்கியிருந்தேன்.

உள்ளே வந்தவர், "அந்த ஊருக்கு இனி போகாத" என்றார். அவ்வளவுதான்.

டீலியிடம் போகாதே என்றால் வழி சொல்லிக்கொடுத்த மாதிரி. எனக்கு மாதம் ஒரு சனிக்கிழமை கார்வின் பக்கத்துக் கோழிப் பண்ணைக்குத் தீவனம் இறக்கும் வேலை உண்டு. பகலில் லாரியோடு வரும் கறுப்பனை அவர்கள் தடுப்பதில்லை. தீவனம் அவர்களுக்கும் வேண்டுமே.

"என்னையும் கூட்டிட்டுப் போண்ணா."

"அங்க நம்ம வண்டி நின்னாலே நாலு பேரு ஜன்னலைத் திறப்பான். உன்னை வேற ஏத்திட்டுப் போகவா?"

"மூட்டை மேல உக்காந்துக்கறேன். கேட்டா தீவனம்னு சொல்லு."

"இவ்வளவு வாய் பேசற தீவனத்தை எந்தக் கோழி திங்கும்?"

கூட்டிப்போனேன். சாம்பல் மேடு ஊருக்கு மேற்கே, பாதையை ஒட்டி இருந்தது. நானும் அதைக் குப்பை மேடு என்றே நினைத்துப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். இறங்கி நடந்தபோதுதான் தெரிந்தது. தேவதாரு மரங்கள் தாமாக முளைத்தவை போல இல்லை, நட்டவை. புல்லுக்கு நடுவே நீலப்பூக் கொடி படர்ந்திருந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் மேல் படர்ந்திருக்கும் அதே கொடி. தரையில் ஆள் நீளத்துக்குப் பள்ளங்கள், வரிசை வரிசையாக.

"அண்ணா, பாரு. எல்லாம் கிழக்கப் பாத்து இருக்கு."

எங்கள் ஆட்களைக் கிழக்கு முகமாகத்தான் புதைப்போம். கடைசி நாளில் எழுந்து உட்கார்ந்தால் சூரியன் முகத்தில் படவேண்டும் என்பதற்காக. நான் தொப்பியைக் கழற்றினேன். எத்தனை பேர் என்று அவள் எண்ண ஆரம்பித்தாள். பள்ளங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்ததால் பாதியில் விட்டுவிட்டாள்.

மேட்டின் உச்சியில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தது. நகராட்சி நீச்சல் குளம் இங்கே அமையவிருக்கிறது, வரும் கோடையில் வேலை தொடங்கும் என்று பெரிய எழுத்தில்.

நாங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே போலீஸ் வண்டி வந்து நின்றது. உள்ளே இருந்தபடியே ஒருவன் கண்ணாடியை இறக்கினான்.

"என்னப்பா, இங்க எந்தக் கோழிக்குத் தீவனம்?"

"வழி தப்பிட்டேன் ஐயா."

"வழி அதோ இருக்கு. வெயில் இருக்கும்போதே புடிச்சுக்கோ."

லாரியில் ஏறியதும் டீலி முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்தாள். பயம் என்று நினைத்தேன். "நம்மாளுங்க மேல போய்க் குளிப்பாங்களாண்ணா?" என்றாள். பயமில்லை.

அடுத்த மாதம் மறுபடி போனோம். அருங்காட்சியகத்துக்கு அவள் மட்டும் போனாள். அந்த மூலையில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. எழுதி ஒட்டியிருந்த அட்டையையும் காணோம்.

"பழுது பாக்க எடுத்திருக்கோம்" என்றாளாம் மிஸ் யூஜீனியா.

"ஓட்டையை அடைக்கவா மேடம்?"

டீலி திரும்பி வந்து லாரியில் உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பும் நேரத்தில் மிஸ் யூஜீனியா கைப்பையோடு வேகமாக வந்தாள். அந்த வயதில் அப்படி நடக்கக் கூடாது, மூச்சு வாங்கியது. செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை ஜன்னல் வழியாக டீலியின் மடியில் வைத்தாள்.

"இதை நான் குடுக்கல. நீ வாங்கல."

"மத்ததெல்லாம் எங்க மேடம்?"

"ஊர்க்காரங்க கூட்டம் போட்டாங்க. எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணுதான் என் பையில அடங்கிச்சு." கொஞ்சம் நின்று, "எனக்கு நிஜமாவே தெரியாது கண்ணு. குப்பைன்னுதான் எங்க அம்மா சொன்னாங்க" என்றாள். அது உண்மை என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

கோப்பையை அப்பாவின் முன்னால் மேசையில் வைத்தது டீலி. வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அப்பா அதைத் தொடவே வெகுநேரம் ஆனது. பிறகு கவிழ்த்தார். சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டார்.

"நடுவுல தட்டுன்னுதான் அப்பா சொன்னாரு. கை நடுங்கிடுச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. டீலிக்குப் புரிந்துவிட்டது. "யாரோட கோப்பைப்பா?" என்றாள்.

"எங்கம்மாவோடது."

அன்று அப்பா பேசியதை என் நினைவில் இருக்கும்படி எழுதுகிறேன். கார்வினில் சாம்பல் மேட்டை ஒட்டி எங்கள் ஆட்களின் தெரு இருந்தது. ஒரு சின்னத் தேவாலயம், கிணறு, பள்ளிக்கூடம். அவருடைய அம்மா காய்ச்சலில் போனபோது அவருக்கு ஏழு வயது. அம்மாவின் கோப்பையைத் தட்டும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அது 1919. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூட்டமாக வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். ஏன் என்று கேட்டவர்களின் வீட்டுக் கூரையில் நெருப்பு வைத்தார்கள். அப்பாவின் அப்பா துப்பாக்கி எடுத்தார். ஒருவனுக்குக் காலில் குண்டு பட்டது.

"அப்புறம் எல்லாரும் ஓடினோம். அவங்க தேடினது ஒரே ஒரு பேரைத்தான். படகுத்துறையில அப்பா என் வாயைப் பொத்திட்டுச் சொன்னாரு, 'இனிமே நாம கிரீன். அந்தப் பழைய பேரை நீ வாயால சொன்னாலோ கையால எழுதினாலோ அன்னிக்கு என்னைத் தூக்குல போட்டுடுவாங்க.' நான் சத்தியம் பண்ணினேன்."

"என்ன பேருப்பா அது?"

அப்பா கதவைப் பார்த்தார். வீட்டில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. டீலியின் காதருகே குனிந்து சொன்னார். அவரே வாயால் சொன்னது அந்த ஒரு முறைதான். எனக்கு அவள்தான் பிறகு சொன்னாள். லாட்டிமர்.

"நான் சாகற வரைக்கும் நீயும் அதை எழுதக் கூடாது" என்றார். டீலி தலையாட்டினாள். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

குளிர்காலம் முழுக்க அவள் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே டக்கெட் என்ற அதிகாரி. முரடன் அல்ல, சோம்பேறி. அவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். அந்த மண்ணில் புதைந்திருக்கும் ஒருவரின் உயிரோடுள்ள மிக நெருங்கிய சொந்தம், குடும்பப் பெயரோடு சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால், மண்வெட்டியைக்கூட யாரும் மேட்டில் வைக்க முடியாது. மகன் இருக்கும்போது பேரப்பிள்ளைகளின் கையெழுத்து செல்லாது.

"அப்பாவைக் கூட்டிட்டு வா பொண்ணே. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் டக்கெட்.

அந்த ஐந்து நிமிட வேலைக்கு டீலி எவ்வளவு போராடினாள் என்பது எனக்குத்தான் தெரியும். கெஞ்சினாள். கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். அப்பாவுக்குப் பிடித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு பணியாரத்தைச் சுட்டு முன்னால் வைத்துவிட்டு, அவர் இரண்டாவதை எடுக்கும் நேரம் பார்த்து மறுபடி கேட்பாள்.

"தாத்தா செத்தே எத்தனையோ வருஷம் ஆச்சு. இனிமே யாரைப்பா தூக்குல போடுவாங்க?"

"தெரியும்."

"அந்தக் குண்டு பட்ட ஆளும் செத்திருப்பான்."

"தெரியும்டி."

"அப்புறம் என்ன பயம்?"

"பயம்னு யார் சொன்னா?"

"பயமில்லன்னா வந்து எழுதுங்க!"

அப்பா பணியாரத்தைத் தட்டில் வைத்தார். "எங்கப்பா சாகும்போது நான் பக்கத்துல இருந்தேன். அப்பவும் கேட்டாரு, சொல்லலையேன்னு. சொல்லலைன்னேன். அவர் என்கிட்ட கேட்டது வாழ்க்கையில அது ஒண்ணுதான்."

"அங்க படுத்திருக்கறது உங்கம்மா!"

"உனக்குப் படிச்சுத் தெரியும். எனக்குப் பாத்துத் தெரியும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நான் புதைச்சேன். நீ என்கிட்ட சொல்லாத."

"எந்த இடம்னாவது வந்து காட்டுங்கப்பா. அதையாவது தோண்ட விடாம நான் போய்ப் படுத்துக்கறேன்."

"அந்த ஊருக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன்."

நான் நடுவில் பேசவில்லை. அவர் ஏழு வயதில் செய்த சத்தியத்தை அறுபத்து மூன்று வயதிலும் சுமந்துகொண்டிருந்தார். அதை இறக்கி வைக்கச் சொல்லும் உரிமை பதினேழு வயதுப் பெண்ணுக்கு உண்டா? இறந்தவர்கள் பக்கம் பார்த்தால் உண்டு. ஆனால் தகப்பனின் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் கேட்க மனம் வராது. கார்வின் தெருவைப் பற்றி எங்கள் சபையில் வயதானவர்களிடமும் அவள் போய்க் கேட்டாள். "ஓலின் என்ன சொல்றான்?" என்பார்கள். மாட்டேன் என்கிறார் என்றால், "அப்ப நாங்க என்ன சொல்ல இருக்கு" என்று விசிறியை எடுத்துக்கொள்வார்கள்.

1975 ஜூனில் தோண்ட ஆரம்பித்தார்கள். டீலியும் நானும் பாதைக்கு மறுபக்கம் லாரியை நிறுத்திப் பார்த்தோம். கிழக்குச் சரிவிலிருந்து ஆரம்பித்தார்கள். சிவப்பு மண் வெளியே வந்தது. தேவதாரு மரங்களைச் சங்கிலி கட்டி இழுத்தபோது வேரோடு வந்தன. மண்ணோடு வேறென்ன வந்தது என்று தூரத்திலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை. இயந்திரம் ஓட்டியவன் ஒருமுறை இறங்கிக் குனிந்து பார்த்தான். மேற்பார்வையாளனைக் கூப்பிட்டான். இருவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு அவன் மறுபடி ஏறி உட்கார்ந்து ஓட்டினான். டீலி கதவைத் திறந்து இறங்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொல்லி என்னை அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். ஆலைக்குப் போகவில்லை.

"கிணத்தோரத்து மரம் நிக்குதா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மேட்டில் கிணறு எதையும் நாங்கள் பார்த்ததில்லை. எப்போதோ மூடியிருப்பார்கள்.

"எந்தக் கிணறுப்பா? எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அப்பா எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்ப் படுத்தார். அதற்குப் பிறகு டீலி கேட்டாள், நான் கேட்டேன், பாதிரியாரை வைத்தும் கேட்டோம். கிணற்றைப் பற்றி அவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

குளம் மேட்டின் கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் திறந்தார்கள். அடுத்த கோடையில் மேற்குப் பாதியைச் சமப்படுத்தி வண்டி நிறுத்துமிடமும் பந்தாட்டத் திடலும் போடுவதாக அறிவிப்பு வந்தது. தீவனம் இறக்கப் போகும்போதெல்லாம் பிள்ளைகளின் கூச்சலும் தண்ணீரில் குதிக்கும் சத்தமும் கேட்கும். பிள்ளைகள் மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் அந்தப் பாதையில் நான் ஜன்னலை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன்.

அப்பா 1976 பிப்ரவரியில் போனார். ஆலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை உடைத்துக் கல்லறை மேல் நான் வைத்தேன். கல்லில் ஓலின் கிரீன் என்று வெட்டச் சொன்னதும் நான்தான். டீலி அதைப் படித்துவிட்டு, சுற்றிலும் சிப்பிகளை அடுக்கினாள்.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். வறுத்த கோழியும் கீரையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. சபையில் மூத்தவரான டீக்கன் ஹோசியா தட்டோடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தெருவுல எங்க வீடு உங்க வீட்டுக்கு மூணாவது வீடு" என்றார்.

டீலி தலையைத் தூக்கினாள். "ஐயா, போன வருஷம் உங்க வீட்டு வாசல்ல எத்தனை தடவை நின்னேன்!"

"நின்ன. எங்க சொந்தம் யாரும் அந்த மேட்டுல இல்ல. ஓலின் இருக்கற வரைக்கும் அது ஓலினோட பேச்சும்மா. அவன் மூடி வச்சதை நாங்க எப்படித் திறப்போம்?"

"கிணறு எங்க இருந்துச்சு?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "தெருவுல ரெண்டு கிணறு. மேற்க ஒண்ணு, கிழக்க ஒண்ணு. ஓலினோட அம்மாவை எதுக்குப் பக்கத்துல வச்சாங்கன்னு… நான் அப்ப அஞ்சு வயசுப் பையன். பொய் சொல்லக் கூடாது. தெரியல."

மேற்குக் கிணறு என்றால் மிஞ்சிய பாதி. கிழக்குக் கிணறு என்றால் குளம். எங்கள் பாட்டி எந்தப் பாதியில் இருக்கிறாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த ஒரே மனிதரை அன்று காலையில்தான் புதைத்திருந்தோம்.

டீக்கன் ஹோசியாவும் சபையில் இன்னும் இரண்டு மூத்தவர்களும் எங்களோடு மாவட்ட அலுவலகத்துக்கு வந்தார்கள். கார்வினில் இன்ன தெருவில் இன்ன பெயரில் இந்தக் குடும்பம் இருந்தது என்று சத்தியம் செய்தார்கள். டக்கெட் அன்று சோம்பலாக இல்லை. எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நீதானே மூத்தவன்? நீ போடு."

"அவ போடுவா ஐயா."

"ரெண்டு பேரும் போடலாமே."

"நான் கிரீன்தான் ஐயா" என்றேன். அந்தப் பெயரின் மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. தாத்தா ஏதோ ஒரு கடைப் பலகையில் பார்த்து வைத்துக்கொண்ட பெயர்தான். ஆனால் என் அப்பா வாழ்நாள் முழுக்க ஒரு வாக்கைக் காப்பாற்றியது அந்தப் பெயரில். அவரோடு அந்தப் பக்கத்தில் ஒருவராவது நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. டீலிக்கு அதை நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தாள்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவிடம் தலையாட்டிய நாளிலிருந்து பென்சிலால்கூட அவள் அதை எழுதிப் பார்த்ததில்லை. அதனால் எழுத்துகளை ஒவ்வொன்றாக, கை பழகாத பிள்ளை போல எழுதினாள். மேற்குப் பாதியைக் காப்பாற்றிய கையெழுத்து அது. ஒரு வருடம் முன்னால் விழுந்திருந்தால் முழு மேட்டையும் காப்பாற்றியிருக்கும். டக்கெட் மை காய்வதற்காகத் தாளை ஊதினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: ஆர்டீலியா லாட்டிமர், செவ்வாய்க்கிழமை, மார்ச் 9, 1976.